கன்டெயினர் என்று நான் எழுதிய திமிங்கிலம்

சென்ற மாதம் தர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். கொழும்புத் துறைமுகத்தின் கொன்ட்ரோல் அறையில் இருந்துகொண்டு, வருகிற போகிற கப்பல்களோடு ரேடியோவில் கதைப்பது அவளுடைய வேலை. வெள்ளவத்தைப் பிள்ளை. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தாள்.

"அங்கிள், புதுப் படிவம் வந்திருக்கு. கடலில ஏதும் மிதந்தா நாங்கள் நிரப்புற படிவம் இருக்கெல்லோ, அதில திமிங்கிலத்துக்கு எண்டு தனியா ஒரு கட்டம் போட்டிருக்கினம். இதைத் தொடக்கி வச்சது நீங்களாம். முதல் முதல் திமிங்கிலம் எண்டு ரிப்போர்ட் பண்ணினது நீங்கள்தானாம். உண்மையோ?"

"பொய்," என்றேன். "நான் ரிப்போர்ட் பண்ணினது ரெண்டு கன்டெயினர்."

கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு, "அப்ப நடந்ததை எழுதித் தாங்கோ, புதுசா வாறவைக்கு வாசிச்சுக் காட்டுவம்," என்றாள்.

"படகு ஓட்டின கையால பேனை ஓட்டப் போறீங்களாக்கும்," என்று மனைவி புஷ்பம் சிரித்தாள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. சமையலறை யன்னலில் எட்டிப் பார்த்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலை தெரியும். அவற்றைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

நான் பைலட் படகின் கொக்ஸன், அதாவது அதை ஓட்டியவன். வெளிநாட்டுக் கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தானாகத் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. எங்கள் கடலின் ஆழமும் நீரோட்டமும் தெரிந்த ஒருவர் வெளிக்கடலிலேயே அதில் ஏறி உள்ளே கொண்டுவர வேண்டும். அவர்தான் பைலட். அவரைக் கப்பலடிக்குக் கொண்டுபோய் ஏற்றிவிடுவது என் வேலை. அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து கொச்சிக்கடைக் களஞ்சியங்களில் மூட்டை தூக்கியவர். நான் இருபது வயதில் படகில் கயிறு பிடிக்கச் சேர்ந்தேன். ஏழு வருடம் வாந்தி எடுத்தேன், திட்டு வாங்கினேன், வேலையைக் கற்றுக்கொண்டேன். பிறகு சுக்கானைத் தந்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அவ்வளவுதான்.

கப்பலில் ஆள் ஏற்றுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும். கப்பல் நிற்காது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். காற்று அடிக்காத பக்கத்தில், நடு வயிற்றை ஒட்டிக் கயிற்றேணியைத் தொங்கவிடுவார்கள். நான் கப்பலின் வேகத்துக்குப் படகைக் கொண்டுவந்து, மெல்லச் சாய்த்து, இரும்புச் சுவரில் படகைச் சாத்தி, அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். அலை படகைத் தூக்கும், இறக்கும். அலை உச்சிக்கு வந்த அந்த ஒரு கணத்தில் பைலட் ஏணியில் கால் வைக்க வேண்டும். படகு தாழ்ந்திருக்கும்போது ஏறினால் அடுத்த அலை படகைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலை நசுக்கும். அந்தக் கணத்தைச் சொல்லுகிறவன் கொக்ஸன். "இப்ப, சேர்!" என்று கத்துவேன். அவ்வளவுதான் சொல்.

மற்றப் பைலட்மார் நான் கத்தினாலும் ஒரு தடவை குனிந்து அலையைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அதில் பிழை இல்லை, அவரவர் கால். பைலட் கெப்டன் ஜயலத் மட்டும் பார்க்க மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். நான் நிற்கும் அறையின் கூரையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு முன்தளத்துக்குப் போய் ஏணியை மட்டும் பார்த்தபடி நிற்பார். "இப்ப, சேர்!" என்றதும் காலைத் தூக்குவார். இருபது வருடம் என் வாயை நம்பி அப்படிக் காலைத் தூக்கினார்.

சிங்களவர். சின்ன வயதில் வெள்ளவத்தையில் தமிழ்ப் பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடி வளர்ந்ததால் எங்களோடு தமிழிலேயே கதைப்பார், கொஞ்சம் வளைத்து. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு விடயத்தில் பொல்லாதவர். "செல்வம், நீ பாத்தது சொல்லு. நினைச்சது எனக்கு வேணாம்," என்பார். தூரத்தில் வள்ளம் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது என்று சொன்னால், "கவிழ்ந்த வள்ளமா, கறுப்பா ஏதோ ஒண்டா?" என்று கேட்பார். கறுப்பாக ஏதோ ஒன்றைத்தான் பார்த்தேன் என்றால் படகின் அன்றாடப் பதிவான லொக் புத்தகத்திலும் அப்படியே எழுத வேண்டும்.

கடலில் மிதப்பதை ரிப்போர்ட் பண்ணுவதற்கு எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. மரக்கட்டை, பீப்பாய், வலை, கப்பலிலிருந்து விழுந்து பாதி மூழ்கிய கன்டெயினர். எல்லாம் கப்பலுக்குக் கேடு செய்யக்கூடியவை. கப்பல் எதற்குக் கேடு செய்யும் என்று பட்டியலில் இல்லை. திமிங்கிலம் இடித்துக் கப்பல் உடைந்ததாக எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே திமிங்கிலத்தை யாரும் ரிப்போர்ட் பண்ணுவதில்லை. பார்த்தால் கைகாட்டிச் சிரித்துவிட்டுப் போவோம்.

அப்படித்தான் ஒரு காலை, கெப்டனைக் கொண்டுபோகும்போது, வரப்போகும் கப்பலின் பாதையில் தண்ணீர் ஊற்றுப்போல எழும்பியதைக் கண்டேன். என் எஞ்சின்காரர் சுனில் அய்யே, "மல்லி, தல்மசெக்!" என்றார். சிங்களத்தில் அய்யே அண்ணன், மல்லி தம்பி, தல்மசெக் திமிங்கிலம். எனக்கும் தெரிந்தது. ரேடியோவில் கொன்ட்ரோல் வழக்கம்போல, மிதக்கும் பொருள் ஏதும் உண்டா என்று கேட்டது.

"ஒன்றுமில்லை," என்றேன்.

கப்பல் நெருங்கி வந்தது. அதன் முன்மூக்கில் தண்ணீர் மட்டத்தில் ஏதோ குறுக்கே கிடந்தது. பெரிய தார்ப்பாய் ஒன்று சுற்றிக்கொண்டது என்று நினைத்தேன். கிட்டப் போனதும் வரிவரியான வெள்ளை வயிறு தெரிந்தது. கப்பலின் மூக்கில் நடுவே மடிந்து, இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே கப்பல்காரன் ஒருவன் எங்களுக்குச் சந்தோசமாகக் கை காட்டினான். அவ்வளவு பெரிய உயிர் மோதியது கப்பலில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கெப்டன் கடிகாரத்தைக் கழற்றினார், கூரையைத் தட்டினார், ஏறினார். அந்தக் கோலத்திலேயே கப்பலை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. மதியத்துக்குள் துறைமுகம் முழுக்கச் சனம். பிறகு இழுவைப் படகு கட்டி ஆழ்கடலுக்கு இழுத்துப் போனார்கள். பார்க்க வந்திருந்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி, இது நீலத் திமிங்கிலம், எங்கே எப்போது மோதுப்பட்டது என்று சொல்ல முடியாது, முந்தின நாளாகவும் இருக்கலாம் என்றாள். அதைக் கேட்டு ஆறுதல் அடைந்திருக்கலாம். எனக்கு ஆறவில்லை. நான் "ஒன்றுமில்லை" என்று சொன்னேன். இருந்ததே!

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. புஷ்பம் காய்ச்சல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துத் தந்தாள். குடித்தேன்.

அதன் பிறகு நான் கடலைப் பார்த்த விதமே மாறிவிட்டது. முன்பு கப்பலைத் தேடுவேன். பிறகு மூச்சைத் தேடினேன். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக, உயரமாக எழும்பி, காற்றில் கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் கலையும். உலகத்தில் இருந்த, இருக்கிற எல்லா உயிரிலும் பெரியது, நகத்தளவு இறாலைத் தின்று உயிர் வாழ்கிறது! அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் சில நாள் படகுத்துறைக்கு வந்து நான் கண்டவற்றை எழுதிக்கொண்டு போவாள். அவள் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். கடல் சூடேறினால் இறால் ஆழத்துக்கு, வேறு திசைக்குப் போய்விடும், திமிங்கிலமும் பின்னால் போகும், எங்கே என்று யாருக்கும் தெரியாது என்றாள். எனக்கு அது புதினமில்லை. தென்மேற்குக் காற்று எந்த மாதம் எழும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்கள் நாங்கள். என் கடைசி வருடங்களில் கண்ணைத் திறந்துகொண்டும் சொல்ல முடியவில்லை. இறால் திரளும் இடமும் கப்பல் ஓடும் பாதையும் ஒன்றாகிப்போனால் அந்தப் பெரிய உயிர் எங்கே ஒதுங்கும்?

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. கெப்டனை ஒரு பெரிய கன்டெயினர் கப்பலில் ஏற்றிவிட்டு, அதற்கு முன்னால் துறைமுகத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். கப்பல் ஒரு மைலுக்குப் பின்னால் வந்தது.

முன்னால் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. நீலத்துக்குள் வெளிறிய ஒரு நீலம். எஞ்சினைக் குறைத்தேன். அது மேலே வந்தது. தலை வந்தது, மூச்சு எழும்பியது, பிறகு முதுகு வரத் தொடங்கியது. வந்துகொண்டே இருந்தது. முடியும் முடியும் என்று பார்க்கிறேன், முடியவில்லை. கடைசியில், வருமோ வராதோ என்று இருந்த நேரத்தில், ஒரு சின்னச் செட்டை வந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு மூச்சு, குட்டையாக. குட்டி. குட்டி என்றால் எங்கள் படகை விட நீளம்!

சுனில் அய்யே எஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டினார். இரண்டு கையையும் கூப்பி, "சாது, சாது," என்றார். விகாரையில் சொல்லுகிற சொல். நானும் கையெடுத்திருப்பேன், சுக்கானை விட முடியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கப்பல் நேராக வந்துகொண்டிருந்தது. அம்மாவும் பிள்ளையும் அதன் பாதையின் நடுவே. பிள்ளை ஆழத்துக்குப் போகாமல் மேலேயே கிடந்தது. தாய் அதை விட்டுப் போகவில்லை.

ரேடியோவை எடுத்தேன். திமிங்கிலம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கப்பலைத் திருப்பச் சொல்வது பைலட், ஆனால் கப்பல் தலைவனும் பக்கத்தில்தான் நிற்பான், கடைசிச் சொல் அவனுடையது. நேரத்துக்குப் போகாவிட்டால் கரையில் அவனுக்கு ஒதுக்கிய இடம் வேறு கப்பலுக்குப் போய்விடும். திமிங்கிலத்துக்காக எந்தத் தலைவன் அதை விடுவான்? கன்டெயினர் என்றால் வேறு. அவனுடைய கப்பலைத் தள்ளும் சுழலிக்கு ஆபத்து. தானே பதறித் திருப்புவான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் முழுத் திமிங்கிலத்தைக் கன்டெயினரில் மறைத்தேன்.

ரேடியோவில் ஆங்கிலத்தில்தான் கதைப்போம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பைலட், பைலட். உங்களுக்கு நேர் முன்னால் பாதி மூழ்கிய கன்டெயினர்."

"எத்தனை?" என்றார் கெப்டன்.

"இரண்டு, சேர். ஒன்று பெரியது. ஒன்று சிறியது."



"சிறிய கன்டெயினர்," என்றார்.

"ஓம், சேர்."

"எந்தப் பக்கம் தடையில்லாத வெளி?"

"தெற்குப் பக்கம், சேர்."

அவ்வளவு பெரிய கப்பல் உடனே திரும்பாது. அது மூக்கைத் தெற்கே சாய்க்கத் தொடங்கும்வரை எனக்கு மூச்சில்லை. சாய்ந்தது. மலைபோல எங்களைக் கடந்து போனது. அதன் அலை வந்து படகை ஆட்டி முடிய, எங்கள் பக்கத்திலேயே தாய் மேலே வந்தது. பேக்கரிப் போறணை அடுப்பின் கதவைத் திறந்ததுபோல ஒரு சத்தம். வெதுவெதுப்பான நீர்த்தூவல் என் முகம், சட்டை எல்லாம் விழுந்தது. மீன் நாற்றம்தான். ஆனால் அந்த மூச்சு என் மேல் விழுந்தபோது நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். இரண்டு பேரும் வடக்கே போனார்கள்.

படகைக் கட்டிவிட்டு லொக் புத்தகத்தில் எழுதினேன்: பாதி மூழ்கிய கன்டெயினர் இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அதற்குள் கொன்ட்ரோல் எல்லாக் கப்பலுக்கும் எச்சரிக்கை கொடுத்து, இல்லாத கன்டெயினரைத் தேட ஒரு இழுவைப் படகையும் அனுப்பிவிட்டது.

மதியம் கெப்டன் படகுத்துறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். கண்ணாடியைத் துடைத்தார். கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்தார்.

"செல்வம், லொக் புத்தகம் கொண்டு வா."

கொடுத்தேன். மெதுவாக வாசித்தார்.

"இந்தக் கன்டெயினர் என்ன நிறம்?"

"நீலம், சேர்."

"எந்தக் கம்பனி?"

நான் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

"மூச்சு விட்டதா?"

"விட்டது, சேர்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் மேல நிண்டனான். எனக்குக் கண் இருக்கு. நீ திமிங்கிலம் எண்டு சொல்லியிருந்தா நான் திருப்பியிருக்க மாட்டேன் எண்டு நீ நினைச்ச. பாத்தது சொல்லவில்ல, நினைச்சது சொன்ன." கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார். "அது இருக்கட்டும். நாளைக்கு நீ 'இப்ப' எண்டு கத்துவ. நான் கால் தூக்குறதா, குனிஞ்சு பாக்குறதா? அத நீ சொல்லு."

அந்த இடத்திலேயே கடல் என்னை விழுங்கியிருந்தால் நல்லது என்று இருந்தது. வேலை போகும் என்று பயந்திருந்தேன். இது அதை விடப் பெரிய இழப்பு என்று அப்போதுதான் விளங்கியது.

"லொக் புத்தகத்தில பிழை வந்தா என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

அது எங்கள் சட்டம், எனக்குத் தெரியாததில்லை. அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பிழையின் மேல் ஒரே ஒரு கோடு, கீழே உள்ளது வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். சரியானதை மேலே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படி எழுதினால் பொய் ரிப்போர்ட் கொடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தமாதிரி. எழுதாவிட்டால், தேடினார்கள், அகப்படவில்லை, மூழ்கியிருக்கும் என்று விடயம் முடிந்துவிடும்.

கெப்டன் புத்தகத்தின் மேல் தன் பேனையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். சுனில் அய்யே, "எழுதாத, மல்லி. உனக்குப் பிள்ளைகள் இருக்கு," என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

கோடு போட்டேன். மேலே எழுதினேன்: நீலத் திமிங்கிலம் இரண்டு. தாய் ஒன்று, குட்டி ஒன்று. உயிருடன். கையெழுத்து வைத்தேன்.

கெப்டன் வந்து வாசித்தார். பேனையை வாங்கி, என் வரிக்குக் கீழே தானும் எழுதினார். "நானும் கண்டேன். கப்பலைத் திருப்பியது என் உத்தரவு. இன்னொரு முறையும் திருப்புவேன்." கையெழுத்து வைத்துப் புத்தகத்தை மூடினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

விசாரணை நடந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், வரவேண்டிய பதவி உயர்வு ஒரு வருடம் பின்னால் போனது. இன்றைக்கும் அது சரியான தண்டனைதான் என்று சொல்வேன். அவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். லொக் புத்தகத்தில் எழுதியதையே திரும்பச் சொன்னாராம், ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்தப் பக்கத்தின் போட்டோப் பிரதியை ஆராய்ச்சிக்காரப் பெண் கேட்டு வாங்கிப் போனாள். எத்தனையோ மேசையில் அது கிடந்திருக்கும். தர்ஷினி சொன்ன கட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவதென்றால் இதையும் வாசித்துக் காட்டு, தர்ஷினி மகள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு கிழமை கெப்டனுக்கு வேறு படகு. எட்டாம் நாள் காலை என் படகுக்கு வந்தார். குட்மோர்னிங் சொன்னார். கடல் நல்லாயில்லை, வெளியே போகப் போக அலை ஏறியது. கப்பலின் சுவரில் படகைச் சாத்திப் பிடித்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். கூரையில் இரண்டு தட்டு விழுந்தது. முன்தளத்தில் போய் நின்றார். குனிவாரா, மாட்டாரா? அவருடைய பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அலை தூக்கியது, தூக்கியது, உச்சிக்கு வந்தது.

"இப்ப, சேர்!"

அவர் குனியவில்லை. காலைத் தூக்கினார்.